கடற்கரை மணல் காலி மனை அல்ல

கடலோர மணலைப் பார்த்து "சும்மாதானே கிடக்கிறது" என்பவர்கள் ஒரு மீனவக் குப்பத்தில் ஒருநாள்கூட இருந்து பார்க்காதவர்கள். பழவேற்காடு முதல் நாகப்பட்டினம் வரை எந்த ஊருக்குப் போனாலும் அந்த மணலில் அடிக்கு அடி வேலை நடக்கிறது. இங்கே படகு ஏறும். அங்கே வலை காயும். காற்று நன்றாக அடிக்கிற மேட்டில் நெத்திலி கருவாடாகும். கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியால் கண் கண்ணாகப் பின்னுகிற பெரியவருக்கு அதுதான் பட்டறை. பட்டா யாரிடமும் இல்லை. ஆனாலும் யார் படகு எங்கே நிற்கும் என்பது ஊருக்கே தெரியும். தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளும்.

இடத்தைப் போலவே உழைப்பும் துக்கமும் ஊருக்குப் பொதுதான். கரைவலை இழுக்கையில் கயிற்றில் கை வைத்தவருக்கும் குழம்புக்கு மீன் கிடைக்கும். ஊரில் ஒரு சாவு விழுந்தால், பல இடங்களில் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் மீனவர்களுக்குக் கரையிலிருந்து உள்ளே தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள். உயிருக்கு அது பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் வாசலில் நின்றபடியே நீரின் நிறத்தையும் காற்றின் திசையையும் பார்த்து அன்றைய தொழிலை முடிவுசெய்தவர்களுக்கு அந்தத் தூரம் பெரிய இழப்பு. அவர்கள் விட்டுப்போன இடத்தை விடுதிகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பது அநியாயம். வலையும் இன்ஜினும் வைக்கக் கரையிலேயே ஒரு கொட்டகை அவர்களுக்கு நிலையாக வேண்டும். இன்ஜினைத் தினமும் தோளில் சுமந்து வீட்டுக்கும் கரைக்கும் நடப்பது லேசான காரியமில்லை.