அல்காரிதத்துக்கு நிய்யத் இல்லை

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! எனக்கும் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்தவனாக இந்த உரையைத் தொடங்குகிறேன்.

இன்று எல்லோர் வாயிலும் இருக்கிற ஒரு வார்த்தை 'அல்காரிதம்'. கணினி படிக்கும் பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிறார்கள். ரீல்ஸ் பார்க்கிறவர்கள், "நான் தேடவே இல்லை, அல்காரிதம்தான் காட்டியது" என்கிறார்கள். இந்த வார்த்தை ஒரு முஸ்லிம் அறிஞரின் பெயர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி (ரஹ்) அவர்கள் பக்தாதில் வாழ்ந்தவர். 813 முதல் 833 வரை ஆட்சி செய்த அப்பாஸிய கலீஃபா மஃமூனின் காலத்தில், பைத்துல் ஹிக்மா என்ற அறிவு மாளிகையில் பணியாற்றியவர். நம் இந்திய நாட்டு எண்களைக் கொண்டு கணக்குப் போடும் முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் போனது. ஐரோப்பியர் வாயில் அவருடைய பெயர் உருமாறி, அந்தக் கணக்கு முறைக்கே பெயராகி, கடைசியில் 'அல்காரிதம்' ஆனது. அவருடைய இன்னொரு நூலின் தலைப்பில் உள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்தான் அல்ஜீப்ரா.

அந்த அல்ஜப்ர் நூலில் ஒரு பெரும் பகுதி எதைப் பற்றியது தெரியுமா? வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும்! மவுத்தானவரின் சொத்தை அல்லாஹ் சொன்னபடி பிரிப்பது எப்படி என்ற கணக்கு.

அல்காரிதம் என்றால் என்ன?

ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கான தெளிவான படிகள். எது முதல், எது அடுத்து, எப்போது நிறுத்துவது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

அந்த வாரிசுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் மவுத்தாகிவிட்டார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள். அடக்கச் செலவு போக 20 லட்சம் இருக்கிறது. கடன் 4 லட்சம். வஸிய்யத் எதுவும் இல்லை.

முதல் படி, கடனை அடைக்க வேண்டும். மீதி 16 லட்சம். அடுத்த படி, பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 2 லட்சம். பிள்ளைகள் இல்லையென்றால் நான்கில் ஒன்று. 'இருந்தால் இது, இல்லையென்றால் அது' என்பதைத்தான் கணினிப் பாடத்தில் நிபந்தனை என்கிறார்கள். கடைசிப் படி, மீதி 14 லட்சத்தில் மகனுக்கு 7 லட்சம், மகள்களுக்கு ஆளுக்கு மூன்றரை லட்சம். இதன் அடிப்படை ஸூரத்துன் நிஸாவின் 11, 12ஆம் வசனங்களில் இருக்கிறது.

இப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் 20 லட்சத்தையும் பங்கு போட்டுவிட்டு, கடனைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் என்ன ஆகும்? ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். கடன் கொடுத்தவர் அந்த விதவைத் தாயின் வாசலில் வந்து நிற்பார். போனவருடைய ரூஹோ கடனுக்காகக் காத்துக் கிடக்கும். எல்லாப் படியும் இருந்தும் வரிசை மாறியதால் அநீதி நடந்துவிட்டது.

எந்திரம் செய்வதும் இதைத்தான்

கணினியும் கைப்பேசியும் இப்படிப்பட்ட படிகளை மின்னல் வேகத்தில் செய்கின்றன. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற பெருமானார் (ஸல்) அவர்களின் போதனையைத்தான் இமாம் புகாரி (ரஹ்) தம் நூலின் முதல் ஹதீஸாக வைத்தார்கள். எந்திரத்துக்கு நிய்யத் கிடையாது. அதற்கு ஒரு குறிக்கோளை மனிதன் கொடுக்கிறான். அதை அது விடாமல் துரத்துகிறது.

உங்கள் கைப்பேசியில் அடுத்தடுத்து வீடியோ வருகிறதே, அதன் குறிக்கோள் என்ன? நீங்கள் எதில் நின்றீர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எதை லைக் செய்தீர்கள், எதைப் பகிர்ந்தீர்கள் என்று குறித்து வைக்கிறது. எதைக் காட்டினால் இன்னும் நிற்பீர்கள் என்று கணக்குப் போட்டு அதை முன்னால் வைக்கிறது. கோபம் நம்மை நிறுத்தினால் கோபத்தைக் காட்டும். ஹராம் நம்மை நிறுத்தினால் ஹராமைக் காட்டும். குர்ஆன் கிராஅத்தில் நின்றால் கிராஅத்தைக் காட்டும். பழியை அல்காரிதத்தின் மேல் போடுகிறவர்களே! அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததில் உங்கள் விரலுக்கும் பங்கு இருக்கிறது.

இணையமும் அப்படித்தான். நீங்கள் அனுப்பும் ஒரு படம் சிறு சிறு துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டிலும் போய்ச்சேர வேண்டிய முகவரி இருக்கும். துண்டுகள் வெவ்வேறு வழியாகப் போகலாம். மறுமுனையில் வரிசையாகச் சேர்க்கப்படும். வழியில் ஒன்று தொலைந்தால் மறுபடியும் அனுப்பப்படும். எவ்வளவு துல்லியமான ஏற்பாடு! ஆனால் அது சரிபார்ப்பது செய்தி முழுதாக வந்து சேர்ந்ததா என்பதை மட்டும்தான். செய்தி உண்மையா பொய்யா என்று அது கேட்பதே இல்லை. அந்தக் கேள்வி நம்மிடம் விடப்பட்டிருக்கிறது.

கேட்காமல் விட்டதன் விலை

2018ஆம் ஆண்டு மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம். சென்னையிலிருந்து உறவினர்களோடு குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அந்த நாட்களில் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்தது. கூட்டம் கூடியது. அடித்தே கொன்றுவிட்டார்கள். அன்பாகக் கொடுத்த ஒரு மிட்டாய்க்கு உயிர் விலையானது.

சகோதரர்களே! அந்த வதந்தி பரவ எந்தப் பெரிய அல்காரிதமும் தேவைப்படவில்லை. நம் விரலே போதும். ஒருவர் ஐந்து பேருக்கு அனுப்புகிறார். அந்த ஐந்து பேரும் புதிதாக ஆளுக்கு ஐந்து பேருக்கு அனுப்பினால் 25. அடுத்து 125. அடுத்து 625. இப்படியே போனால் ஒன்பதாவது சுற்றில் மட்டும் 19,53,125 பேர்! அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. எந்திரத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். நம் விரலுக்கு யார் போடுவது?

நம் கையில் இருந்த படிமுறை

தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்துவீர்கள் என்ற கருத்தில் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. போளூரில் நடந்தது அதுதானே?

இந்த எச்சரிக்கையை வாழ்க்கையாக்கியவர்கள் ஹதீஸ் கலை இமாம்கள். ஒரு ஹதீஸ் ஸஹீஹ் ஆக வேண்டுமென்றால் ஐந்து சோதனை வைத்தார்கள். அறிவிப்பாளர் தொடர் அறுபடாமல் இருக்கிறதா? ஒவ்வொருவரும் நேர்மையானவரா? நினைவாற்றல் உறுதியானதா? அவரைவிட நம்பகமானவர்களின் அறிவிப்புக்கு முரண்படுகிறதா? மறைவான குறை ஏதும் இருக்கிறதா? ஒன்றில் தவறினாலும் ஸஹீஹ் என்ற தரம் கிடைக்காது. இது செய்தியைச் சோதிக்கும் ஓர் அல்காரிதம் இல்லையா? ஸனது இல்லாத செய்தியைத் தொடமாட்டோம் என்று வாழ்ந்த சமுதாயத்தின் பிள்ளைகள் நாம். 'ஃபார்வேர்டு' என்று மேலே எழுதி வரும் செய்திக்கு என்ன ஸனது இருக்கிறது? கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்துள்ள நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையிலேயே இருக்கிறது.

ஆகவே இன்றிலிருந்து மூன்று படி வைத்துக்கொள்வோம். முதல் படி: இதைச் சொன்னவர் யார்? தெரியவில்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டாவது படி: இது உண்மை என்று எனக்கு உறுதியா? இல்லையென்றால் நிறுத்துங்கள். மூன்றாவது படி: நான் ஏன் அனுப்புகிறேன்? யாருக்காவது பலன் உண்டா, யாருடைய மானமாவது போகுமா? இந்த மூன்றாவது படிதான் நிய்யத். எந்திரத்தால் செய்ய முடியாத படி இது.

ஏற்கனவே தவறானதை அனுப்பியிருந்தால்? 'எல்லோருக்கும் அழி' என்று அழுத்திவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதற்குள் யாரோ சேமித்திருப்பார், யாரோ வேறு குழுவுக்கு அனுப்பியிருப்பார். அனுப்பிய அதே குழுவில், "நான் அனுப்பியது தவறு, மன்னியுங்கள்" என்று எழுதுங்கள். யாரைப் பற்றியதோ அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அதற்கு வெட்கப்படாதீர்கள். கிராமன் காத்திபீன் எழுதிய ஏட்டில் நாமாக அழிக்க முடியாது. தௌபாவால் அல்லாஹ்தான் அழிக்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் நாவையும் விரலையும் பொய்யிலிருந்தும் அவதூறிலிருந்தும் காப்பாற்றுவாயாக! நாங்கள் அறியாமல் பரப்பிய தீமைகளை மன்னித்து, அதனால் பாதிக்கப்பட்டவர்களின் துயரத்தை நீக்குவாயாக! எங்கள் பிள்ளைகளுக்கு அல்குவாரிஸ்மியைப் போன்ற பயனுள்ள கல்வியையும், அந்தக் கல்வியோடு தூய்மையான நிய்யத்தையும் தருவாயாக! ஆமீன்.