பழுது என்று யார் சொல்வது?

ஒரு பொருள் பழுதாகிவிட்டது என்று சொல்லும்போது நாம் இரண்டு காரியங்களைச் செய்கிறோம். அது இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்கிறோம். எப்படி இருந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். முதலாவதை மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம். இரண்டாவதை எந்த மீட்டரும் காட்டாது. அதை யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். யார் அந்த யாரோ? இதைப் பொதுவாகப் பேசினால் வெறும் தத்துவமாகப் போய்விடும். ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோம்.

பெட்டியின் பெயர் ஃபஸ் ஃபேஸ். லண்டனில் ஆர்பிட்டர் என்கிற கம்பெனி 1966இல் விற்க ஆரம்பித்தது. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் போல வட்டமான உலோகப் பெட்டி. எலக்ட்ரிக் கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டிக் காலால் மிதித்தால், வழவழப்பாக வந்துகொண்டிருந்த ஓசை கிழிந்து கரகரத்து, கட்டிய தொண்டையிலிருந்து வருகிற கத்தல் மாதிரி ஆகிவிடும். ஜிமி ஹென்றிக்ஸ் மிதித்த பெட்டி இது. உள்ளே பெரிசா ஒண்ணும் கிடையாது. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கண்டன்சர், திருகுவதற்கு இரண்டு குமிழ், ஒரு 9 வோல்ட் பேட்டரி. டிரான்சிஸ்டரை அது தாங்குகிற அளவுக்கு மேல் தள்ளி, ஒலி அலையின் தலையை வெட்டிவிடுவதுதான் மொத்த வேலையும். ஒலிப் பொறியாளரின் பாடப்புத்தகத்தில் இதற்குச் சிதைவு என்று பெயர். அதாவது, பழுது.

சிக்கல் இங்கேதான் வருகிறது. பழுதை உண்டாக்குவதற்கென்றே செய்த பெட்டி பழுதாகிவிட்டது என்று ஒருவர் கொண்டுவந்து நீட்டினால், ரிப்பேர் செய்கிறவர் எதைச் சரி செய்வது?

பதில் சொல்வதற்கு முன்னால் அந்த ஓசை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அது 1966இல் பிறந்ததல்ல. 1951 மார்ச்சில், மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேலிலிருந்து ஐக் டர்னரின் கறுப்பு இசைக்குழு மெம்ஃபிஸ் நகரத்துக்குப் பயணப்பட்டது. சாம் ஃபிலிப்ஸின் கூடத்தில் பாட்டுப் பதிவு. வழியில் கிதார்காரர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் அடிபட்டுவிட்டது. கீழே விழுந்தது என்பார்கள், மழையில் நனைந்தது என்பார்கள். எப்படியோ ஸ்பீக்கர் கிழிந்துபோயிற்று. கிழிந்த இடத்தில் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். அந்தக் கரகரப்போடு பதிவான 'ராக்கெட் 88', அந்த வருஷமே பில்போர்டின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ராக் அண்ட் ரோலின் முதல் இசைத்தட்டு இதுதான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. தட்டின் மேல் அச்சான பெயர், ஜாக்கி பிரென்ஸ்டனும் அவருடைய டெல்டா கேட்ஸும். பாடியவரின் பெயர் இருந்தது. குழுவின் சொந்தப் பெயர் இல்லை. கிசார்ட்டின் பெயரும் இல்லை.

1958இல் லிங்க் ரே பென்சிலால் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டு 'ரம்பிள்' வாசித்தார். தாயார் வழியில் ஷானி பழங்குடி மரபைச் சேர்ந்தவர். 'ரம்பிள்' முழுக்க வாத்திய இசை, ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. தலைப்பு தெருச்சண்டையைக் குறிக்கிறதாம், இளைஞர்கள் கெட்டுப்போவார்களாம். சொல்லே இல்லாத பாட்டில் எதைத் தடுத்தார்கள்? தலைப்பையும் ஓசையையும்தான். 'இரைச்சல்' என்று பெயர் வைத்துவிட்டால் ஒரு ஓசையை வெளியே நிறுத்திவிடலாம் என்பதை இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த கதை நாஷ்வில் நகரத்தில். மார்ட்டி ராபின்ஸ் என்ற வெள்ளைக்காரப் பாடகரின் 'டோன்ட் வொர்ரி' 1961இல் வெளிவந்தது. அதன் பதிவின்போது மிக்ஸிங் மேஜையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார் உறுமலாக விழுந்தது. உறுமலை அப்படியே தட்டில் விட்டார்கள். பொறியாளர் கிளென் ஸ்னாடி அதே உறுமலை டிரான்சிஸ்டர் வைத்துத் திரும்ப உண்டாக்க வழி கண்டார். 1962இல் கிப்சன் கம்பெனி அதை மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற பெட்டியாக விற்றது. 1965இல் காப்புரிமையும் கிடைத்தது. அதே வருஷம் கீத் ரிச்சர்ட்ஸ் அதை 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் மிதித்த பிறகு உலகமே வாங்கியது.

ஸ்னாடி யாரிடமிருந்தும் திருடினார் என்று நான் சொல்லவில்லை. அவர் செய்தது உண்மையான வேலை. சர்க்யூட் ஒன்றும் தானாக வரையப்படுவதில்லை. நான் கேட்பது வேறு. இரண்டு இடத்திலும் கெட்டுப்போன பொருள் ஒரே மாதிரி ஓசையைத்தான் கொடுத்தது. ஒன்று காப்புரிமை ஆகிறது, இன்னொன்று பேச்சுவாக்கில் சொல்கிற சுவாரசியமான சம்பவம் ஆகிறது. கெட்டுப்போவது எல்லோர் வீட்டிலும் நடக்கும். கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பு என்று எழுதிக்கொடுத்து முத்திரை வாங்குகிற வசதி எல்லோர் வீட்டிலும் இருப்பதில்லை.

இனிப் பெட்டிக்கு வருவோம். 'சத்தமே வரல' என்று பழைய ஃபஸ் ஃபேஸ் வருகிறது. அவசரக்காரர் நேராக டிரான்சிஸ்டரைப் பிடுங்குவார். அது தப்பு. அந்தக் காலத்து ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ஈயம் வைக்கிற சூட்டிலேயே செத்துப்போகும். செத்தால் அதே மாதிரி இன்னொன்று கிடைப்பது கஷ்டம். ஆகவே முறை இப்படி: முதலில் பேட்டரி. பிறகு கிதார் ஒயரைச் செருகுகிற துளை. பிறகு ஆண்டுக்கணக்கில் மிதிபட்டுத் தேய்ந்த சுவிட்சு. பிறகு விட்டுப்போன பற்றவைப்புகள். பார்த்தால் ஒட்டியிருக்கிற மாதிரியே இருக்கும், உள்ளே தொடர்பு இருக்காது. அதற்கப்புறம் வயதாகிக் காய்ந்துபோகிற கண்டன்சர்கள். டிரான்சிஸ்டர் மேல் சந்தேகம் கடைசியில்தான் வர வேண்டும். மாற்ற முடியாததைக் கடைசியில் தொடு என்பது இந்தத் தொழிலின் ஒழுக்கம். மனிதர்கள் விஷயத்தில் நம் அமைப்புகள் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கின்றன. முதல் சந்தேகமே ஆள் மேல். ஆளைச் சுற்றியிருக்கிற ஒயரை எவரும் பார்ப்பதில்லை.

மீட்டரை வைத்தால் இன்னொரு வேடிக்கை. இன்றைக்குப் புழங்குகிற பெரும்பாலான பெட்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். ஜெர்மானியம் ஃபஸ் ஃபேஸில் பிளஸ் முனை சேர்ந்திருக்கும். புதிதாகப் பார்க்கிறவர் 'யாரோ தலைகீழா மாட்டிட்டாங்க' என்று மாற்றிவிட்டால் போச்சு. அது தலைகீழாக இல்லை. அந்தச் சர்க்யூட்டுக்கு அதுதான் நேர். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் மைனஸ் நாலரை வோல்ட் பக்கம் காட்டினால் நல்ல ஆரோக்கியம் என்று அர்த்தம். பெரும்பான்மையின் பழக்கத்தை இயற்கை விதி என்று எடுத்துக்கொள்கிற கை, நன்றாயிருப்பதையும் கெடுத்துவிடும்.

வெயிலும் இருக்கிறது. ஜெர்மானியம் சூட்டில் மின்சாரத்தைக் கசியவிடும். உச்சி வெயில் மேடையில் விக்கித் திணறுகிற பெட்டி, சாயந்திரம் குளிர்ந்ததும் தானாகத் தேறிவிடும். இதற்குச் சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்டால் சூட்டுக்கு அசையாது. அறுபதுகளின் கடைசியில் கம்பெனியே அப்படித்தான் மாறியது. ஆனால் ஓசை கூர்மையாகிவிடும். திணறாத பெட்டி கிடைத்தது, வேறு குரலோடு கிடைத்தது. இந்த மாற்றம் லாபமா நஷ்டமா என்று வரைபடம் சொல்லாது. அந்தக் காலத்து டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் ஒன்று இருந்ததில்லை என்பதால், ஒரே வரைபடத்தில் செய்த இரண்டு பெட்டிகள்கூட ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. எனவே நியாயமான மெக்கானிக் இரும்பைச் சூடு பண்ணுவதற்கு முன்னால் வாசிக்கிறவரிடம் கேட்பார்: 'நல்லா இருந்தப்ப இது எப்படிங்க கேட்டுச்சு?' அளவுகோலை உபயோகிக்கிறவர் கையில் கொடுக்கிற கேள்வி இது.

இதிலிருந்து 'பழுதே அழகு' என்று கிளம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விட்டுப்போன பற்றவைப்பு ஒரு எதிர்ப்புக் குரலும் இல்லை, கலகமும் இல்லை. அது வேலை செய்யாத பெட்டி, அவ்வளவுதான். கிசார்ட்டின் ஸ்பீக்கர் அழகியலுக்காகக் கிழியவில்லை. கிழிந்துபோனதை வைத்துக்கொண்டு அன்றைக்கு வாசித்தாக வேண்டியிருந்தது. வாசித்த திறமை அவருடையது, கிழிசலுடையது அல்ல. கிழிசலைப் போற்றி வாசித்தவரை மறப்பது இரண்டாவது முறை பெயரைத் துடைப்பதாகும். பழைய ஃபஸ் பெட்டிக்குப் பெருந்தொகை கொடுக்கிற சேகரிப்பாளர்களில் எத்தனை பேருக்குக் கிசார்ட் என்ற பெயர் தெரியும்?

ஆகவே ரிப்பேர் செய்கிறவருக்கு இரண்டு கடமை. எது இந்தப் பெட்டியின் குரல், எது அந்தக் குரலை அடைக்கிற கோளாறு என்று பிரித்தறிய வேண்டும். குரலைத் தொடக்கூடாது, கோளாறை விடக்கூடாது. குரலையே கோளாறு என்று எழுதிவைத்த கணக்குகள் நிறைய இருக்கின்றன. அவற்றையும் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பற்றவைப்பாகத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தட்டில் அச்சாகாமல் போன பெயர்களை எழுதுவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.