முடிவு தெரிந்த காதல்

வெள்ளவத்தைக் காலி வீதிப் புத்தகக் கடையில் ரமணிசந்திரனின் நாவலொன்றை விரும்பி வாங்கும் வாசகி, நாயகனும் நாயகியும் ஊடலையும் சந்தேகத்தையும் கடந்து இறுதியிற் கூடுவார்கள் என்பதை முதற்பக்கம் புரட்டுமுன்பே அறிவாள்; அறிந்தும் அவர்களுடைய விரகத்தில் அவள் மனம் பதைப்பது எவ்வகை ஞானம் என்று வினவுவது தத்துவ விசாரத்துக்குப் புறம்பானதன்று. காதலே கதையின் உயிராக நின்று, அது மங்களமாகவும் முடியவேண்டும் என்பது மேல்நாட்டார் இவ்வகை நாவலுக்கு வகுத்த இலட்சணம். ஆகவே 1917இல் வெளிவந்த சரத் சந்திரரின் ‘தேவதாஸ்’ எத்துணை காதல் ததும்பினும், அவலத்தில் முடிவதால் இவ்வினத்திற் சேராது.

மங்கள முடிவை மலிவான ஆறுதலென்று இகழும் விமரிசகர், கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் ஆலயத்திற் சற்றே நின்று யோசிக்கலாம். ஆன்மாவுக்கு முத்தி நிச்சயம், காலந்தான் தெரியாது என்று நம்பும் சைவனும் முடிவறிந்த வாசகனே. அந்நிச்சயம் அவனுடைய கண்ணீரைப் பொய்யாக்குவதில்லை.

ஆயினும் அவ்வாலயத்தின் பெயரில் நிற்கும் பொன்னம்பலத்துக் கூத்தன்மீது மாணிக்கவாசகர் பாடிய திருக்கோவையார், 400 செய்யுட்களில் களவும் உடன்போக்கும் மணமும் கடந்து, 25ஆம் அதிகாரத்தில், தலைவன் மனைவியை நீங்கிப் பரத்தையை நாடும் பரத்தையிற் பிரிவோடு முடிகின்றது. சிற்றின்பமா பேரின்பமா என்று அந்நூலைப்பற்றி வாதிடுவோர் இதை ஏனோ பெரிதாக எண்ணுவதில்லை. மணமான பின்னரும் நோவு உண்டென்று ஒப்பும் அத்துணிவை, தாலி ஏறியதும் கதவடைத்துக்கொள்ளும் நம் நாவல்களில் நான் காணவில்லை.