ஒரு மாதிரி மனிதர்கள்



தம்பலகாமத்தில் வாழ்கிறவர்களுக்கு எருமைகளைப் பற்றி ஒரு குருவானவர் சொல்லித்தர வேண்டியதில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி விதைப்பு தொடங்கினால், பட்டிகளைக் காட்டுப்பக்கம் ஓட்டிவிடுகிறீர்கள். அறுவடை முடிந்த பிறகு அவை திரும்பி வந்து வெறும் வயலில் மேய்கின்றன. நம் ஊர்த் தயிரின் பெயர் திருகோணமலைக் கடைத்தெருவைத் தாண்டியும் தெரியும். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து பட்டியைப் பார்த்தால் எல்லாம் அவருக்கு ஒரே கறுப்பு. பட்டிக்காரருக்கு அப்படியில்லை. ஒன்று கூழைவால். ஒன்றுக்கு ஒற்றைக் கொம்பு மட்டும் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இன்னொன்று எந்நேரமும் கூட்டத்தை விட்டுத் தள்ளியே நிற்கும். அந்தியில் ஒன்று குறைந்தால், எது வரவில்லை என்று எண்ணிப் பாராமலே சொல்லிவிடுவார். சுட்ட குறி வழக்குப் பேச வருகிறவர்களுக்குத்தான் தேவை. சொந்தக்காரருக்கு அந்தக் கோணல் கொம்பே போதும்.

மனிதரிடம் வரும்போது மட்டும் நம் கண் ஏன் வெளியூர்க்காரரின் கண்ணாகிவிடுகிறது? “அவர் ஒரு மாதிரி ஆள்” என்கிறோம். என்ன மாதிரி என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் தேவையில்லை. அந்த ஒரு சொல்லோடு அந்த மனிதரின் கதை முடிந்துவிடுகிறது. நம்மைப் பற்றியும் எந்தத் திண்ணையிலோ யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு, பெக்யூலியர் என்று. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கேட்டால் ‘விசித்திரமான’, ‘வினோதமான’ என்று பொருள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தச் சொல் பிறந்த இடம் ஒரு மாட்டுப்பட்டி. லத்தீனில் ‘பெக்குஸ்’ என்றால் கால்நடை. பழைய உரோமையரிடம் செல்வம் என்றால் முதலில் மாடுதான். நமக்கு இது புதிதல்ல: வள்ளுவரும் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் ‘மாடு’ என்ற சொல்லைச் செல்வம் என்ற பொருளில்தான் வைத்திருக்கிறார். அந்தப் பெக்குஸிலிருந்து ‘பெக்கூலியும்’ வந்தது. உரோமைச் சட்டப்படி அடிமைக்குச் சொத்து கிடையாது. ஆனாலும் எசமான் இரக்கப்பட்டு, இது உன் கையில் இருக்கட்டும் என்று கொஞ்சம் பணமோ சில ஆடுமாடுகளோ விட்டுவைப்பான். அதுதான் பெக்கூலியும். அதைச் சிறுகச் சிறுகப் பெருக்கித் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கிய அடிமைகள் உண்டு. ஒன்றுமில்லாதவன் ‘என்னுடையது’ என்று சொல்லக்கூடிய ஒரே பொருள் அது.

பிரியமானவர்களே, நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பெத்லகேமில் இருந்துகொண்டு எபிரேய விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த புனித ஜெரோம், விடுதலைப் பயண நூல் 19ஆம் அதிகாரத்தில் எந்தச் சொல்லை எடுத்தார் தெரியுமா? இதையேதான். சீனாய் மலையில் ஆண்டவர் இஸ்ரயேலரைப் பார்த்து, நீங்கள் எனக்குப் பெக்கூலியும் என்கிறார். நம் திருவிவிலியத்தில் அது ‘தனிச்சொத்து’ என்று இருக்கிறது. அங்கே எபிரேயத்தில் உள்ள சொல் ‘செகுல்லா’. தாவீது அரசர் கோவில் கட்டுவதற்காக அரச கருவூலத்துக்கு வெளியே தமக்கென்று வைத்திருந்த பொன்னையும் வெள்ளியையும் கொடுத்தாரே, குறிப்பேடு முதல் நூல் 29ஆம் அதிகாரத்தில், அங்கும் அதே சொல்தான். மண்ணுலகம் முழுவதும் என்னுடையது என்று அதே வசனத்தில் சொல்லுகிற கடவுள், அவ்வளவும் போதாது என்பதுபோல, எகிப்தின் அடிமைகளான ஒரு கூட்டத்தைத் தம் மடியில் முடிந்துவைத்துக்கொள்கிறார்.

அவர்கள் பெரிய கூட்டமும் அல்லர். இணைச்சட்டம் 7ஆம் அதிகாரம் அதை ஒளிக்காமல் சொல்கிறது: எண்ணிக்கை பார்த்து உங்களைத் தேர்ந்துகொள்ளவில்லை, எல்லாரிலும் நீங்கள் சிறியவர்கள், அன்பினால்தான் தேர்ந்துகொண்டேன். ஆதிகோணநாயகர் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் கேட்கும் இந்த வயல்வெளியில், கொஞ்சப்பேராக இருந்து செபமாலை சொல்லுகிற நமக்கு இந்த வசனம் இனிக்க வேண்டும்.

பிறகு அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனது. 1526இல் வில்லியம் டிண்டேல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது, தீத்துவுக்கு எழுதிய திருமுகத்தில் கிறிஸ்து தமக்கென்று தூய்மைப்படுத்திய மக்களை ‘பெக்யூலியர் மக்கள்’ என்றார். 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் பதிப்பும் அதையே வைத்துக்கொண்டது. அன்று அதைக் கேட்டவர் காதில் ‘சொந்த மக்கள்’ என்று விழுந்தது. ஆனால் பேச்சு வழக்கு ஒரு இடத்தில் நிற்குமா? ஒருவருக்கு மட்டும் சொந்தமானது மற்றவரிடம் இருக்காது. மற்றவரிடம் இல்லாதது கண்ணை உறுத்தும். கண்ணை உறுத்துவது விசித்திரம். பதினேழாம் நூற்றாண்டிலேயே சொல் அந்தப் பக்கம் சாயத் தொடங்கிவிட்டது. 1838இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் தோன்றிய ஒரு சபையார் தங்களுக்கு ‘பெக்யூலியர் மக்கள்’ என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் விவிலியப் பொருளில்தான் வைத்தார்கள். அயலவர் எந்தப் பொருளில் கூப்பிட்டிருப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டுமா! இன்றைய ஆங்கில விவிலியங்கள் பல அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, ‘கடவுளின் சொந்த மக்கள்’ என்று எழுதுகின்றன. விவரமான வேலைதான். எனக்கென்னவோ அந்தப் பழைய சொல் மேல் ஒரு பிரியம்.

ஏனென்றால், இதே வழியில் விழுந்த இன்னொரு சொல்லும் இருக்கிறது. அதை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள், சிலர் கோபத்தில் சொல்லியும் இருப்பீர்கள்: இடியட். கிரேக்கத்தில் ‘இடியோஸ்’ என்றால் சொந்தமானது, தனக்குரியது. பதவியோ பட்டமோ இல்லாமல் தன் வேலையோடு இருக்கிற சாதாரண மனிதனை ‘இடியோட்டேஸ்’ என்றார்கள். அது தேய்ந்து தேய்ந்து இன்று வசைச்சொல். திருத்தூதர் பணிகள் 4ஆம் அதிகாரத்தில், தலைமைச் சங்கத்தார் முன்னே நிற்கிற பேதுருவையும் யோவானையும் பற்றி லூக்கா எழுதுகிற சொல் அதுதான். படிப்பில்லாதவர்கள், இடியோட்டேஸ்கள். வலை இழுத்த கையோடு நிற்கிற அந்த இரண்டு பேரையும் பெரியவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள்.

நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று யோவான் நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் வருகிறதே, அங்கே ‘தன் சொந்த ஆடுகள்’ என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ‘இடியா’. அதே வேர். சங்கத்தார் ஏளனமாய்ப் பார்த்த அந்தச் சாதாரணத்தின் பெயரும், ஆண்டவர் வாயில் வருகிற சொந்தத்தின் பெயரும் ஒரே வேரில் முளைத்தவை. இதை முதலில் கவனித்த நாளில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இடியோட்டேஸ் என்று பெயர் வாங்கிய அந்தப் பேதுருதான், போந்து, கலாத்தியா, கப்பதோக்கியா என்று அந்நியராய்ச் சிதறி வாழ்ந்தவர்களுக்குத் திருமுகம் எழுதி, நீங்கள் கடவுளின் சொந்த மக்கள் என்கிறார். அந்நியராய்ச் சிதறுவது என்னவென்று இந்த மாவட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டுமா? மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்து, முகாமில் வரிசையில் நின்று, திரும்பி வந்தபோது சொந்த வளவையே தேடிக் கண்டுபிடித்தவர்கள் உங்களில் உண்டு. அந்தத் திருமுகத்தின் அடுத்த வசனத்தையும் வீட்டுக்குப் போய் வாசியுங்கள். முன்பு நீங்கள் ஒரு மக்களினமாகவே இருந்ததில்லை, இரக்கம் பெற்றதில்லை. இப்போதோ இரக்கம் பெற்றிருக்கிறீர்கள் என்கிறார். சொந்தம் என்ற சொல்லுக்குப் பேதுரு தருகிற காரணம் அந்த இரக்கம் ஒன்றுதான். நம் திறமையையும் ஒழுங்கையும் அவர் அங்கே குறிப்பிடவே இல்லை.

அப்படியானால் என் அருமை மக்களே, நம்மிடையே ‘ஒரு மாதிரி’ என்று நாம் ஒதுக்கியவர்கள் யார்? சண்டைக்காலம் முடிந்து இத்தனை வருடம் ஆன பின்னும், வெடிச்சத்தம் கேட்டால் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பவர்கள். 1986இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்த இரவிலிருந்து, பெருமழை பெய்தால் கண் மூடாதவர்கள். காணாமல்போன மகனுக்கு இன்றைக்கும் சோறு எடுத்துவைக்கிற தாய்மார். அவர்களை ‘விசர்’ என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பழக்கத்துக்குள் எவ்வளவு அன்பும் எவ்வளவு பயமும் கிடக்கிறதென்று ஆண்டவருக்குத் தெரியும். நமக்கும் தெரிந்துகொள்ள வழியிருக்கிறது. வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கதைத்தால் போதும்.

இன்னும் சிலர் தங்களுக்குத் தாங்களே அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வாழ்கிறீர்கள். எனக்குச் செபிக்கத் தெரியாது, மற்றவரைப்போலக் கூடிப் பாட முடியாது, கடைசி வாங்கில் உட்காரவே கூச்சமாயிருக்கிறது என்று ஒப்புரவுக்கு வராமலே விலகி நிற்கிறீர்கள். உங்களுக்கு ஒன்றே சொல்வேன்: தள்ளி நிற்கிற எருமையையும் அந்தியில் தேடுவார்கள். அது தள்ளி நிற்கிறது என்பதை அறிந்தவர்தான் தேடிப் போகிறார்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பூசை நேரத்தில் சத்தம்போடுவான், ஓடித்திரிவான் என்று சில பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வருகிறீர்கள். தாயோ பாட்டியோ அந்தப் பிள்ளையோடு தங்கிவிடுவதால் அவருக்கும் நற்கருணை இல்லை. அடுத்த ஞாயிறு கூட்டிக்கொண்டு வாருங்கள். பாடகர் குழுவுக்குப் பக்கத்தில், வாசலுக்குக் கிட்ட, இரண்டு வாங்குகளை அவர்களுக்கென்று விடச் சொல்லியிருக்கிறேன். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், ‘உஷ்’ என்று அதட்டவும் வேண்டாம். மறையுரைக்கு நடுவில் அவன் கத்தினால் நான் நிறுத்திக் காத்திருக்கிறேன். சாமியார் பேச்சு நீண்டுவிட்டது என்று உங்களில் எல்லாரும் நினைப்பதை முகத்துக்கு நேரே சொல்ல அவனுக்குத்தான் தைரியம் வரும்.

இப்போது எழுந்து நின்று விசுவாச அறிக்கை சொல்வோம்.