கால் படாத இடம்

கருவறையில் முருகன்மேல் ஊற்றிய பால் கோமுகி வழியாக வெளியே வரும்போது கையேந்தி வாங்கித் தலையில் தெளித்துக்கொள்கிறோம். அதே பால் பத்தடி தள்ளி வாய்க்காலில் ஓடும்போது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறோம். இந்தப் பத்தடிக்குள் என்ன நடந்தது? தீர்த்தம் எந்த இடத்தில் கழிவுநீர் ஆனது?

திருத்தணி மலையில் பழக்கமான ஒரு குருக்களிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "சந்நிதிக்கு உள்ளே இருக்கிறவரைக்கும்தான் ஆகமம் பேசும். மதிலைத் தாண்டினால் உங்க டிபார்ட்மெண்ட்" என்றார். நான் பொதுப்பணித் துறையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கொசஸ்தலையாற்றின் கரையும் மதகுமாகவே சர்வீஸ் முடிந்தது. தண்ணீரைப் பார்த்தால் 'இது அடுத்து எங்கே போகும்' என்று கேட்பது எங்கள் தொழில் புத்தி. அந்தப் புத்தியோடு கோயிலுக்குப் போனால் இப்படிப்பட்ட கேள்விகள்தான் வரும்.

குருக்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம், நிர்மால்யத்துக்கு நம்மவர்கள் வைத்திருக்கும் விதி. சாமிக்குச் சாத்திக் களைந்த பூவைக் கால் படும் இடத்தில் போடக் கூடாது. என் பாட்டி அதைக் கிணற்றில் போடுவாள், இல்லையென்றால் துளசி மாடத்தின் அடியில். ஊருக்கு ஆறு இருந்தால் ஆற்றில். அந்தப் பூ வாழைநாரில் கட்டியது, பூவோடு நாரும் அழுகி மண்ணாகிவிடும். விதியில் குறை ஒன்றும் இல்லை. இன்று அந்தப் பூமாலையில் நைலான் நூல் இருக்கிறது, நடுநடுவே ஜிகினாத் தாள், பூவையே ஏமாற்றும் பிளாஸ்டிக் பூ. விபூதி, குங்குமம், கற்பூரம் எல்லாம் தனித்தனிப் பாக்கெட்டில். வீட்டில் சேர்ந்த பழைய சாமி படத்தைக்கூட ஃப்ரேமோடு கொண்டுவந்து தண்ணீரில் போடுகிறவர்கள் உண்டு. கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "கால் படாத இடமாப் பார்த்துப் போட்டோம்."

சரி, அந்த இடம் எங்கே என்று தண்ணீரோடு நடந்து பார்ப்போம். மலைமேலும் ஊர்த் தெருவிலும் பெய்கிற மழை நந்தி ஆற்றில் இறங்குகிறது. நந்தி போய்க் கொசஸ்தலையாற்றில் சேர்கிறது. ஆந்திரப் பக்கமிருந்து வரும் நகரியாறும் அதே ஆற்றில்தான் விழுகிறது. திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது, ம.பொ.சி. முன்னின்ற போராட்டத்துக்குப் பிறகு 1960-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லைக்கோடு மாறியது, ஆறு மாறவில்லை. ஆடிக்கிருத்திகைக்கு நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் "ஹரோம் ஹரா" என்று வருகிற தெலுங்குக் காவடிகளின் பூவும் இதே வடிகாலில்தான் கலக்கிறது.

அதற்கப்புறம் பூண்டி ஏரி. 1944-இல் கட்டி முடித்தது, சத்தியமூர்த்தி சாகர். துறைக்காரன் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பல வருஷங்களில் எங்கள் மலைத் தண்ணீர் கடலையே பார்க்காது. பூண்டியில் நின்று சென்னைக்காரன் குடிநீராகப் போய்விடும். அதாவது நிர்மால்யத்தின் சாறு முதலில் போவது குழாய்க்கு. 2015, 2021, 2023 மாதிரி மழை கொட்டுகிற வருஷத்தில் ஷட்டரைத் தூக்குவோம். அப்போது அடியில் தங்கியது, கரையில் ஒதுங்கியது எல்லாம் கிளம்பி, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து, மணலியை ஒட்டி, எண்ணூர்க் கழிமுகத்தில் போய் விழும். ஷட்டர் தூக்கும் ராத்திரியில் டார்ச் அடித்தால் முதல் அரைமணி நேரம் தண்ணீரே தெரியாது. ஆகாயத்தாமரையும், செருப்பும், பாலிதீனும், எங்கேயோ தேங்காய் உடைத்த மட்டைகளும் ஒரு பாயாக நகரும்.

எண்ணூர்க் குப்பம் ஒன்றிலிருந்து ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஆற்றில் எறா பிடிப்பவர். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் சேற்றைத் தடவிப் பிடிப்பது அவர்கள் பாரம்பரியம். ஒருமுறை சரவணப் பொய்கைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது இந்தக் கால் படாத இடத்துக் கதையைச் சொன்னேன். அவர் வேட்டியை விலக்கிக் காலைக் காட்டினார். கணுக்காலிலிருந்து மேலே முழுக்கக் கீறல், சில ஆறியது, சில புதுசு.

"கால் படாத எடம்னு எதைச் சொல்றீங்க சார்? எங்க கால் நிக்கிறதே அங்கதான்."

அந்தக் கீறல் பிளாஸ்டிக்கால் வந்ததில்லை. காக்கா ஆழி என்று அவர்கள் சொல்லும் ஒருவகைச் சிப்பி. தென்னமெரிக்கக் கடலைச் சேர்ந்தது. கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றி இறக்கும் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆற்றடியில் ஜமுக்காளம் விரித்த மாதிரி ஒட்டிக்கொண்டு பரவிவிட்டது. எறா மண்ணைத் தோண்டிப் பதுங்குகிற பிராணி; அதற்கு மண்ணே இல்லாமல் போனது. அதற்கு முன்னாலேயே அனல்மின் நிலையக் குழாய்கள் கசிந்து ஆற்றில் படிந்த சாம்பல். "முட்டி வரைக்கும் சாம்பல் சார். அதை நெத்தியில பூச முடியுமா?" என்று அவரே கேட்டு அவரே சிரித்தார். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் வாளியோடு நின்றவர்களைப் பத்திரிகைப் படங்களில் நாமெல்லாம் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்து கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. அப்போதும் மீனவர்கள்தான் கையாலும் மக்காலும் அள்ளினார்கள். கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் கருத்து, பறக்க மாட்டாமல் உட்கார்ந்திருந்தன. சிறகில் எண்ணெய் ஏறிய பறவை அலகால் கோதிக் கோதித் தன்னைச் சுத்தம் செய்யப் பார்க்கும். அந்தக் கோதலிலேயே எண்ணெய் வயிற்றுக்குள் போய்விடும்.

பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஆலைத் தரப்பு முதலில் சொன்னது, தங்கள் குழாய்களில் கசிவு எதுவும் இல்லை என்று. அதைப் படித்தபோது எனக்குக் குருக்கள் ஞாபகம்தான் வந்தது. மதிலுக்குள்ளே எல்லாம் சுத்தம். மதிலைத் தாண்டியது வேறு டிபார்ட்மெண்ட். ஆலையின் எண்ணெயையும் பக்தனின் பூமாலையையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சாக்கு மட்டும் ஒரே சாக்கு. ஆலைக்காரனைச் சட்டம் கேட்கட்டும், கடுமையாகவே கேட்கட்டும். பக்தனை யார் கேட்பது? அவன் செய்வதை வழிபாடு என்று சொல்லிச் செய்கிறான். ஆகவே வழிபாட்டின் பாஷையில்தான் கேட்க முடியும்.

பதிலுக்கு ஒரு வாதம் வரும், நான் கேட்டிருக்கிறேன். நீரே இறைவனின் எட்டு வடிவங்களில் ஒன்று, கடலுக்கு ஏது தீட்டு, அது எல்லாவற்றையும் வாங்கிக் கரைத்துவிடும் என்று. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நம் கந்தபுராணம் அப்படிச் சொல்லவில்லையே! சூரபதுமன் கடலுக்குள் மாமரமாக நின்றபோது, கடல் அவனைக் கரைத்துவிடும் என்று முருகன் கரையில் காத்திருக்கவில்லை. வேலை விட்டுப் பிளந்தார். பிளந்த பிறகும் சூரன் இல்லாமல் போகவில்லை. மயிலாகவும் சேவலாகவும் மாறினான், முருகன் இரண்டையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அதுதான். உண்டானது எதுவும் ஒழியாது, யாராவது பொறுப்பேற்று வைத்துக்கொள்ள வேண்டும். போர் முடிந்து கோபம் ஆற அவர் வந்து அமர்ந்த மலை இது. அதனால்தான் கந்தசஷ்டிக்கு மற்ற ஊர்களில் சூரசம்காரம் நடக்கும்போது இங்கே சம்காரம் இல்லை, புஷ்பாஞ்சலி. கூடை கூடையாகப் பூ. இந்திரன் இங்கே சுனையில் கருங்குவளை வளர்த்து அந்தப் பூவால் பூசித்தான் என்பது தலபுராணம். சுனை கெட்டால் குவளை ஏது, குவளை இல்லாமல் பூசை ஏது என்று இந்திரனுக்குத் தெரிந்திருக்கிறது.

எண்ணூர்க்காரர் என்னை ஒரு விஷயத்தில் அதட்டினார், அதையும் எழுதிவிடுகிறேன். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. நான் பிளாஸ்டிக் தின்றுதான் செத்திருக்கும் என்று பேச ஆரம்பித்தேன். "எல்லாத்துக்கும் குப்பை மேலயே பழியப் போடாதீங்க. ஆமைக்கு மூச்சு வாங்க மேல வரணும் சார். இழுவலைல மாட்டுனா மேல வர முடியாது" என்றார். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் அதே பட்டையில்தான். விதியை மீறுகிறவனும் கடலம்மாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் படகை எடுக்கிறான் என்றார். எங்கள் ஊர்ப் பக்தியும் அவர்கள் ஊர்ப் பக்தியும் ஒரே இடத்தில் இடறுகின்றன போல.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. மலையடிவாரக் கடைகளில் அபராதம் போடுகிறார்கள், ஒரு வாரம் மறைகிறது, மறுபடி தொங்குகிறது. ஆனால் மலைமேல் செருப்போடு சந்நிதிக்குப் போகிறவனை நான் பார்த்ததே இல்லை. அதற்கு அபராதம் கிடையாது, சிப்பந்தி தேவையில்லை, மூன்று வயதுக் குழந்தைகூடக் கழற்றுகிறது. சட்டத்தைவிட ஆசாரத்துக்குக் கை நீளம். நைலான் நூலில் கட்டிய மாலை சாமிக்கு ஆகாது, பாக்கெட்டோடு வந்த விபூதி ஆகாது என்று சந்நிதியில் ஒரு தடவை தட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும், அடுத்த கிருத்திகைக்குள் கடைத்தெரு மாறிவிடும். குருக்களிடம் இதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். "யோசிக்கணும்" என்றார்.

அடிவாரத்தில் பூ கட்டும் அத்தை ஒருத்தி இருக்கிறாள். உறவில்லை, ஊருக்கே அத்தை. எண்ணூர்க்காரரின் இந்த வருஷப் புஷ்பக் காவடிக்கு வாழைநாரில் கட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். நாரை ஊறவைத்துக் கிழிக்க வேண்டும், நூல் மாதிரி ஓடாது, முழத்துக்கு அஞ்சு ரூபாய் கூட ஆகும் என்றாள். அவர் கொடுப்பார் என்றேன்.

"அவர் குடுப்பார்ப்பா, அவர் ஆத்துல நிக்கிறவர். சென்னையிலேந்து கார்ல வர்றவன் குடுப்பானா, அதக் கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு நூல்கண்டை எடுத்தாள்.