மக்களை வளர்க்க ஏற்ற இடம் எது?

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சி ஆகிய பகுதிகளின் சிற்றூர்களில் உழவுத் தொழிலை மேற்கொண்டு வாழ்ந்த நம் குடும்பங்களுள் பல, கல்வியும் பணியும் கருதிச் சென்னையை வந்தடைந்துள்ளன. திருமணமாயினும் ஆலய விழாவாயினும், நம்மவர் கூடும் இடங்களில் ஒரு வினா தவறாமல் எழுகிறது. பிள்ளைகளை நகரின் நடுவில் வைத்து வளர்ப்பதா, புறநகரில் வீடு கட்டிக்கொண்டு சென்றுவிடுவதா என்பதே அது. இஃது இடவசதியைப் பற்றிய வினாவாகத் தோன்றினும், உண்மையில் இல்லறத்தைப் பற்றிய வினாவேயாகும்.

இருபுறத்து நியாயங்களையும் நடுவுநிலையோடு நோக்குவோம். நகரின் நடுவே வாழ்வோர்க்குப் பள்ளியும் நூலகமும் அண்மையில் உள்ளன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலுள்ள தீர்த்தங்கரர் திருமேனிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, ஒரு முற்பகலுக்குள் வீடு திரும்பலாம். ஆனால் ஊரிலிருந்து பாட்டனும் பாட்டியும் வந்தால் படுக்க இடமில்லை. அவர்கள் வாயிலாகக் கேட்க வேண்டிய கதைகளும் வழக்கங்களும் பிள்ளைகளுக்குக் கிட்டாமல் போகின்றன.

புறநகரில் ஒரு வேப்பமரம் இருக்கும். அதனடியில் எறும்பு வரிசையாகச் செல்லும். எறும்பைக் கண்டறியாத குழந்தைக்கு அதனை மிதியாமல் விலகி நட என்று எவ்வாறு கற்பிப்பது? உயிர்களைக் கண்டு பழகியவரிடமே உயிரிரக்கம் எளிதில் வேரூன்றும். மேலும், 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பின்னர், தென்புறப் புறநகரில் வாழ்வோர்க்குத் திண்டிவனம் மார்க்கமாகச் சொந்த ஊர் செல்லும் பயணமும் எளிதாகியுள்ளது.

எனினும் புறநகர் என்பது நிலையான பொருளன்று. 1920களில் மாம்பலம் ஏரியை அடுத்துப் புதிய குடியிருப்பாக எழுந்த தியாகராய நகர், இன்று மாநகரின் நெரிசல் மிக்க நடுப்பகுதி. தாம்பரம் 2021இல் தனி மாநகராட்சியாயிற்று. நீர் தங்கிய தாழ்நிலங்களில் வீடுகள் பெருகியதன் விளைவை 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராசபுரமும் கண்டன. பிள்ளைகளின் பொருட்டு என்று கூறி மனை வாங்கும் நாம், அதன் விலையேற்றத்தின் பொருட்டும் வாங்குகிறோமா என்று நெஞ்சைக் கேட்டுப் பார்ப்பது நலம்.

இனி, எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததையே சான்றாகக் கூறுகிறோம். நகரில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்த நாங்கள், மகன் ஐந்து வயதை எட்டியபோது தாம்பரத்திற்கு அப்பால் குடிபெயர்ந்தோம். 1931 முதல் மின்தொடர்வண்டி ஓடும் கடற்கரை – தாம்பரம் வழித்தடம் ஏறத்தாழ 30 கி.மீ. நீளமுடையது. நிலையத்திற்குச் செல்வதும் அங்கிருந்து அலுவலகம் அடைவதும் சேர்ந்து, போகவர நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கழிந்தது. வாரத்தில் ஆறு நாள் பணியாதலால் அது பதினெட்டு மணி நேரம்.

மகனுக்குக் கதிரவன் மறையுமுன் உணவளித்து வந்தோம். எங்களுள் அலுவலகம் செல்பவர் வீடு திரும்ப எட்டு மணியாகும். அதன் பின்னரே அவருக்கு உணவு. ஒருநாள் மகன் கேட்டான்: "அம்மா, பெரியவனாகி வேலைக்குப் போனால் நானும் அப்பாவைப் போல ராத்திரியில் சாப்பிடலாம் இல்லையா?"

எங்களுக்கு விடை கூற நா எழவில்லை. இரவுணவைத் தவிர்க்க வேண்டும் என்று எங்கள் வாய் கற்பித்தது. அது சிறுவர்க்கு மட்டும் உரிய கட்டுப்பாடு என்று எங்கள் உண்கலம் கற்பித்துவிட்டது. பிள்ளை இரண்டாவதைத்தான் நம்பினான். அவன் மீது பிழையில்லை.

மறுநாள் முதல் மாலை உணவுக்கென மற்றொரு டப்பா உடன் சென்றது. சென்னையில் ஆனி மாதத்தில் கதிரவன் மறைய 6.40 மணி அளவாகும், கார்த்திகையிலோ 5.40 மணிக்கே மறைந்துவிடும். ஆகவே பணி முடியுமுன் பத்து நிமிடம் இசைவு கேட்க வேண்டியிருந்தது. கேட்க முதலில் நாணினோம். இசைவு கிடைக்காமல் பசியோடு திரும்பிய மாலைகளும் உண்டு. அந்நாள்களில் உண்ணாமலேயே மகனருகில் அமர்ந்து அவன் பாடங்களைக் கேட்டோம். சில மாதங்களுக்குப் பின், "இன்றைக்கு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க, அப்பா?" என்று அவனே கேட்கத் தொடங்கினான். அவ்வினாவிற்கு அஞ்சியே பின்னர் நாங்கள் ஒழுங்காக நடந்துகொண்டோம் எனில் மிகையாகாது.

இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் திசைவிரதம் என்பது ஒன்று. மலை, ஆறு போன்றவற்றை எல்லையாக வகுத்துக்கொண்டு, அவற்றைக் கடந்து செல்வதில்லை என்று உறுதி கொள்வதே அது. எல்லைக்கு அப்பால் நம்மால் நேரும் தீங்கும், அங்குள்ளவற்றின் மீதுள்ள ஆசையும் அதனால் அற்றுப்போகும் என்பது அதன் கருத்து. வீடு தேடுவோர்க்கும் இதில் ஒரு பாடம் உளது. நாம் அன்றாடம் எவ்வளவு தொலைவு அலையலாம், எத்தனை நாழிகை பிள்ளைகளைப் பிரிந்திருக்கலாம் என்பதற்கு முதலில் ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். அவ்வெல்லைக்குள் அமையும் இல்லம் நகரின் நடுவே இருப்பினும் நன்றே. புறநகரில் இருப்பினும் நன்றே. எல்லையை மீறிய இல்லம் எத்துணை விசாலமாயினும், அதில் பெற்றோரின் இடம் வெறுமையாகவே இருக்கும்.

பொருள்நிலை காரணமாக விரும்பிய எல்லைக்குள் வாழ இயலாதோர் நம்மில் பலர். அவர்கள் மனந்தளர வேண்டுவதில்லை. தொலைவைக் குறைக்க இயலாவிடினும், பிள்ளைக்குச் சொல்வதற்கும் தாம் செய்வதற்கும் இடையேயுள்ள தொலைவைக் குறைப்பது எவர்க்கும் இயலும். அதற்கு மனை வாங்க வேண்டுவதில்லை. ஒரு டப்பாவும் சிறிது மனவுறுதியும் போதும்.

வீட்டை எங்கே அமைப்பது என்று ஆராயும் நாம், அவ்வீட்டில் பிள்ளைகள் எதைக் காண்பார்கள் என்பதையும் ஆராய்வோமாக.