விளக்கு எரிகிறது, வண்டி எழவில்லை



நம் வேலூர், ஆம்பூர்ப் பகுதியில் பழைய அம்பாசிடர் காரை இன்றும் பேணி வருவோர் உண்டு. உத்தரபாராத் தொழிற்சாலையில் அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆயினும் திருமலை நேமிநாதரைத் தரிசிக்கக் குடும்பமே ஏறிச்செல்ல அதற்கு ஈடில்லை என்பர். பயணத்தன்று விடியலில் அவ்வண்டி செல்ஃப் எடுக்காமல் நின்றுவிட்டால் என்ன நிகழ்கிறது? ஓட்டுநர் இரவில் விளக்கை அணைக்க மறந்தார் என்று ஒருவர் பழிப்பார். பேட்டரி செத்துவிட்டது என்று மற்றொருவர் தீர்ப்பளிப்பார். ஒருவரும் மூடியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்.

கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் அவ்வாறு தொடங்குவதில்லை. முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்கிறார். விளக்கு மங்கி அணைந்தால் பேட்டரியிலோ அதன் முனை இணைப்பிலோ குறை. விளக்கு ஒளி குன்றாதிருக்க, செல்ஃப் மட்டும் அசையாவிடில், பெரும்பாலும் மின்சாரம் அதனிடம் போய்ச் சேரவில்லை என்பது பொருள். பின்னர் மீட்டரை வைக்கிறார். முழுதும் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். அதுவும் சரியெனில், இஞ்சினை வண்டியின் உடலோடு பிணைக்கும் எர்த் பட்டையைக் குனிந்து பார்க்கிறார். அங்கே பச்சை பூத்துத் துரு படிந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் வண்டி உறுமி எழுகிறது. புதுப் பேட்டரி வாங்கியிருந்தால் பணம்தான் போயிருக்கும்.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் தொடக்கத்திலேயே மும்மணிகளுள் நற்காட்சியை முதலில் வைத்தது எண்ணத்தக்கது. உயிரின் இயல்பு அளவற்ற அறிவும் அளவற்ற ஆற்றலும் ஆகும். வினை அவற்றை அழிப்பதில்லை, மறைக்கிறது, தடுக்கிறது. ஆற்றலைத் தடுக்கும் வினைக்கு அந்தராயம் என்றே பெயர். ஆசிரியப் பயிற்சியிலும் எங்களுக்கு இதனையே வேறு சொற்களில் கற்பித்தனர்: மந்தன் என்று எழுதுமுன், அவனுக்குக் கரும்பலகை தெரிகிறதா, காது கேட்கிறதா என்று பார். தேர்வில் தவறிய மகனை உதவாக்கரை என்கிறோம். பேசாதிருக்கும் மருமகளைச் செருக்குடையவள் என்கிறோம். எந்த முனையில் துரு படிந்தது என்று பார்த்தவர் எத்தனை பேர்?

நம் பாலாற்றுப் பகுதிக்குச் சிறப்பாகப் பொருந்தும் செய்தி ஒன்றும் உண்டு. பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலுள்ள உப்புகள் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளைக் கெடுத்துவிடும். தோல் பதனிடும் கழிவால் இங்குள்ள நீர் கெட்டதை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமே எடுத்துரைத்தது. வினை உள்ளே புகுவதை நம் முன்னோர் ஊற்று என்றனர். அதனை அடைப்பது செறிப்பு. படிந்ததை நீக்குவது உதிர்ப்பு. துருவைத் தேய்ப்பது உதிர்ப்பு எனில், கிணற்று நீரைத் தவிர்ப்பது செறிப்பு. நம்மவர் உதிர்ப்பில் வல்லவர்; செறிப்பில்தான் தளர்கின்றனர். தசலட்சண நாட்களில் பத்து நாளும் நோன்பிருந்தவர், பாரணை முடிந்த மாலையே அண்டை வீட்டாரைப் பழிக்க அமர்வதை நான் கண்டிருக்கிறேன்.